பின்னோக்கி எண்ணும் நாட்கள்

அக்டோபர் 6, 2025
பாராலீகல் படிப்பு, அதாவது அட்டர்னிக்கு (வழக்கறிஞருக்கு) சட்ட வேலையில் உதவுபவருக்கான படிப்பு. கலிஃபோர்னியாவில் பாராலீகல் எதைச் செய்யக்கூடாது என்று மாநிலச் சட்டத்தின் பிரிவு 6450 சொல்கிறது: சட்ட ஆலோசனை தருவது, கோர்ட்டில் கட்சிக்காரருக்காக வாதாடுவது. "நான் கேஸ் போடலாமா?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "அட்டர்னியிடம் கேட்டுச் சொல்கிறேன்."

அக்டோபர் 7
பயிற்சித் தாளில் ஒரு கணக்கு. ஹியரிங் (கோர்ட் விசாரணை) நவம்பர் 20, வியாழன். மோஷன் (கோர்ட்டிடம் உத்தரவு கேட்கும் மனு) நோட்டீஸ் 16 கோர்ட் நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்குச் சார்பு செய்யப்பட, அதாவது முறைப்படி அனுப்பப்பட, வேண்டும். 20-ஐச் சேர்க்காமல் 19-இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சனி, ஞாயிறு கிடையாது. நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே, அதுவும் கிடையாது. 10-ஆம் தேதிதான் ஏழாவது நாள். பதினாறாவது நாள் அக்டோபர் 28. கலிஃபோர்னியாவுக்குள்ளேயே தபாலில் அனுப்பினால் இன்னும் 5 நாள் பின்னே போக வேண்டும். இவை காலண்டர் நாட்கள், சனி ஞாயிறும் சேரும். ஆக, அக்டோபர் 23. மின்னஞ்சலில் என்றால் 2 கோர்ட் நாள்தான்: 24. இந்த இரண்டு வகை நாளையும் கலந்துவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.

அக்டோபர் 8
நானே எண்ணிப் பார்த்தேன். விடுமுறையை விட மறந்தேன்: நவம்பர் 11.

அக்டோபர் 10
ப்ளீடிங் தாள், அதாவது ஓரத்தில் வரி எண்கள் உள்ள கோர்ட் மனுத் தாள். முதல் வரியிலிருந்து அட்டர்னி பெயர், பார் எண் (வழக்கறிஞர் பதிவு எண்), முகவரி. வரி 1 முதல் 7 வரை வலப்பாதி வெறுமையாக இருக்க வேண்டும், அது கிளார்க் முத்திரைக்கான இடம். எட்டாவது வரியில் கோர்ட்டின் பெயர். வேர்டில் வரி இடைவெளியை 'டபுள்' என்று வைத்தால் பாதிப் பக்கத்திலேயே எழுத்து எண்ணைவிட்டு நழுவுகிறது. 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து, ஓர எண்களுக்கு உள்ள அதே பாயிண்டைக் கொடுத்தால்தான் நேராக நிற்கிறது. மூன்று மணி நேரம் இதற்கே போய்விட்டது.

அக்டோபர் 13
கொலம்பஸ் டே. தபால் நிலையம் மூடல், ஆனால் கலிஃபோர்னியா கோர்ட் திறந்திருக்கிறது. அதற்குப் பதிலான விடுமுறை செப்டம்பரின் நான்காம் வெள்ளிக்குப் போய்விட்டது. கடையில் வாங்கிய காலண்டரை நம்பி எண்ணினால் இரண்டு இடத்திலும் சறுக்கும்.

இன்னொரு பயம். உறையை அலுவலகத் தபால் தட்டில் வைத்து, "வழக்கப்படி இன்றே தபாலில் சேரும்" என்று கையெழுத்திடும் முறை இருக்கிறதே, அதில் தபால் முத்திரைத் தேதி ஒரு நாளுக்கு மேல் பிந்தினால், சார்பு செல்லாது என்று எதிர்த்தரப்பு மனு போடலாம். இன்று கையெழுத்து, நாளை முத்திரை என்றால் தப்பும். புதன்கிழமை முத்திரை என்றால் வம்பு. அதுவும் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டுப் போடுகிற கையெழுத்து. போட்டால் என் கை நடுங்கும்.

அக்டோபர் 14
மறுபடி எண்ணினேன். 29 வந்தது. மறுபடியும் அந்த நவம்பர் 11-ஐ விட மறந்திருக்கிறேன்!

அக்டோபர் 16
பாராலீகல் சான்றிதழுக்கான பாடங்களில் முடித்தது 15 யூனிட். வேண்டியது 24.

அக்டோபர் 19
எதிர்த்தரப்பின் எதிர் மனுவுக்கு ஹியரிங்குக்கு முன் 9 கோர்ட் நாள்: நவம்பர் 6. அதற்குப் பதிலுக்கு 5: நவம்பர் 13. இந்த முறை காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினேன். சரி.

அக்டோபர் 22
பயிற்சித் தாளின்படி தபாலுக்கு நாளை கடைசி. ப்ரூஃப் ஆஃப் சர்வீஸில் (சார்பு செய்ததற்கான சான்றில்) கையெழுத்திடுபவர் 18 வயது கடந்தவராக இருக்க வேண்டும், வழக்கின் தரப்பினராக இருக்கக்கூடாது. உறையை ஒட்டுமுன் ஆவணப் பட்டியலையும் ஆவணக் கட்டையும் தாள் தாளாக ஒப்பிட்டேன். பட்டியலில் இணைப்பு பி இருக்கிறது, கட்டில் இல்லை.