கொலுசுக் கணக்குக்கு மென்பொருள்: சந்தாவுக்கு எடுத்ததும் எழுதி வாங்கியதும்

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரத்தில் ஒரு பார்ட்டிக்கு (வாங்கும் வியாபாரிக்கு) இரண்டு பாக்கி உண்டு: ஒன்று பணம், இன்னொன்று வெள்ளி. நாங்கள் சோதித்த, மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் சந்தா மென்பொருள்கள் எல்லாம் முதல் பாக்கியை நன்றாகவே பார்த்துக்கொண்டன. இரண்டாவதற்கு அவற்றில் பக்கமே இல்லை.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். கொலுசு எடை 5 கிலோ 250 கிராம். டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி) 70, சேதாரம் (செய்கையில் கழியும் வெள்ளிக்காகச் சேர்ப்பது) 8, ஆக 78 சதவீதம். பார்ட்டி தர வேண்டிய சுத்த வெள்ளி 4 கிலோ 95 கிராம். அவர் 3 கிலோ கட்டி வெள்ளி கொடுக்கிறார், மீதிக்குப் பாதி பணம் கட்டுகிறார், பாதியைப் பாக்கி வைக்கிறார். பணமாகக் கட்டியது அன்றைய விலையில் வெள்ளியாக மாறிக் கழிய வேண்டும். பாக்கி வெள்ளியாகவே நிற்க வேண்டும், நாளைக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் எடை மாறக்கூடாது. இதை ‘அளவு × விலை’ என்ற கட்டத்துக்குள் திணித்தால் மாதக் கடைசியில் எக்செல்லில் இன்னொரு கணக்கு எழுதியே தீர வேண்டும்.

இலவசச் சோதனைக் காலம் 15 நாள். அதில் மாதிரி பில் போட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. பழைய பில்களில் சிக்கலான 40-ஐப் பொறுக்கினோம்: திரும்பி வந்த சரக்கு, பாதி கட்டியில் பாதி பணத்தில் தீர்ந்தது, பின்னால் டச் திருத்தியது. விற்பனை பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) எல்லாம் தேறின. வெள்ளிக் கணக்கு தேறவில்லை.

அதற்காக முழு மென்பொருளையும் புரோகிராமரிடம் எழுதி வாங்குவது தவறு. இ-இன்வாய்ஸ் கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்பு 2022 அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று இறங்கியது. 10 கோடியோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ளவர்கள் 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராமரைத் தேடி ஓட முடியாது. அரசு மாற்றுவதை எல்லாம் சந்தாவிடம் விட்டோம். பட்டறைக்கு உள்ளே நடப்பதை மட்டும் எழுதச் சொன்னோம்.

பட்டறைக்கு உள்ளேதான் உண்மையான சிக்கல். சங்கிலி பற்றவைக்கப் போகும்போது 1,000 கிராம் என்றால், திரும்பும்போது எடை கூடி வரும். பற்றவைக்கும் பொடி சேர்ந்ததால் கூடியது அது. பொடியில் வெள்ளி குறைவு என்பதால் டச் இறங்கியிருக்கும். மொத்த எடையை மட்டும் ஒப்பிடும் மென்பொருள் இதை லாபம் என்று காட்டும். அதனால் கொடுத்த வெள்ளி, கொடுத்த பொடி, திரும்பிய சரக்கு, திரும்பிய தூள் நான்கையும் சுத்த வெள்ளியாக மாற்றி ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிப் பக்கம். புரோகிராமருக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உருக்கு முதல் மெருகு வரை ஒரு லாட்டோடு (ஒரே தொகுதிச் சரக்கோடு) இரண்டு நாள் நடக்க வைத்த பிறகுதான் அவர் போட்ட வரைபடம் சரியாக வந்தது.

எடையை மில்லிகிராமில் முழு எண்ணாகச் சேமிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரின் வழக்கமான தசம எண்ணாக (float) வைத்தால் கூட்டல்களில் கடைசி இலக்கம் நழுவும். முழுமையாக்குவது பில்லின் கடைசி வரியில் மட்டும் நடக்கட்டும். 30 வரி பில்லில் ஒவ்வொரு வரியையும் கிராமுக்கு முழுமையாக்கினால் 15 கிராம் வரை விலகலாம். தராசை இணைக்கும்போது ‘எடை நிலைத்தது’ என்ற குறி வந்த பிறகே எண்ணை எடுக்க வேண்டும். இல்லையென்றால் தட்டு ஆடும்போது வந்த எண் பில்லில் ஏறிவிடும்.

பில் போடும்போது முதல் கேள்வி: விற்பனையா, கூலி வேலையா? விற்பனை என்றால் முழு மதிப்புக்கு 3 சதவீத ஜிஎஸ்டி. பார்ட்டி கொடுத்த வெள்ளியில் செய்து கொடுத்தால் கூலிக்கு மட்டும் 5 சதவீதம். கொலுசு ஒன்றுதான், வரி இரண்டு. இதைப் பின்னால் மாற்றும் வசதி வைக்கவே கூடாது.

செலவைச் சொல்லிவிடுகிறோம். சந்தா, ஒரு ஆளுக்கு மாதம் 1,200 ரூபாய், 8 பேருக்கு ஐந்து வருடத்தில் 5,76,000. எழுதி வாங்க 4,50,000, இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு வருடம் 67,500, சர்வர் மாதம் 1,500. ஐந்து வருடத்தில் 8,10,000. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. சொந்தமாக எழுதினால் மிச்சம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். இரண்டையும் பிரித்தபோது சந்தா கணக்குப் பிள்ளைகள் 3 பேருக்கு மட்டும் போதும் என்றானது. எழுத வேண்டிய பகுதியும் பாதியாகச் சுருங்கியது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மிக முக்கியம். காசு கொடுத்ததாலேயே சோர்ஸ் கோடு (புரோகிராமர் எழுதிய மூல நிரல்) நம்முடையது ஆகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் எழுதியதன் உரிமை, கையெழுத்திட்டு எழுதித் தந்தால்தான் மாறும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இரண்டையும் எழுத வைத்தோம். பணத்தை நான்கு தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்கும் கோடு எங்கள் கணக்குக்கு வந்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஓடிய பிறகே கொடுத்தோம்.

இரண்டு மென்பொருளையும் இணைப்பதில் பில் எண்ணை ஒன்றுதான் உருவாக்க வேண்டும். எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. பில்லை அனுப்பி, பதில் வருவதற்குள் இணைய இணைப்பு அறுந்தால் அதே பில் மறுபடி போகும். முதலில் ‘இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா’ என்று கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். சந்தாவின் குறைந்த திட்டத்தில் இந்த இணைப்பு வசதி இல்லாமல் போகலாம். பணம் கட்டும் முன் கேளுங்கள். பில்களை வரிவாரியாக எக்செல்லில் இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பிடிஎஃப் மட்டும் கிடைத்தால் வெளியேறும் நாளில் கை கட்டப்பட்டுவிடும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

பழைய மென்பொருளில் பெயர்கள் யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் இருந்ததால், வெளியே எடுத்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தன. மாற்றியில் போட்டு, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்க்க நாலு நாள் ஆனது. ஒரே பார்ட்டி மூன்று பெயரில் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பழைய பில்களை ஏற்றவில்லை. தொடக்கப் பாக்கி மட்டும், அதுவும் பார்ட்டியிடம் கையெழுத்து வாங்கிய பிறகு.

மாற்றும் நேரம் ஆடி. கல்யாண ஆர்டர் குறையும். ஆனால் மாரியம்மன் பண்டிகை வாரத்தில் பட்டறையில் ஆள் இருக்காது, அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்து ஓடின. தினமும் மாலை வெள்ளி இருப்பை எடை போட்டு இரண்டோடும் ஒப்பிட்டோம். தொடர்ந்து 15 நாள் வித்தியாசம் இல்லாமல் வந்த பிறகே நோட்டை மூடினோம்.