காலியா கிடந்த கட்டம்

கூடலூர்ல ஒரு தொண்டு நிறுவனத்துல கணக்கு பார்த்துட்டு இருந்தேன். டீசல் பில், பஸ் டிக்கெட், வவுச்சர், மாசக் கடைசியில ரிப்போர்ட், இதுதான் வேலை. டிபிக்கும் எச்ஐவிக்கும் சேர்த்து வெளிநாட்டு நிதியில ஓடுன ப்ராஜெக்ட், பந்தலூர், அய்யன்கொல்லி, எருமாடு, சேரம்பாடி பக்கமெல்லாம் எங்க ஒரே ஜீப்பும் ஆறு ஃபீல்ட் ஒர்க்கர்ஸும்தான் சுத்துவாங்க. 2011-ல சொல்லிட்டாங்க, இன்னும் ரெண்டு வருஷம்தான், 2013 மார்ச்சோட நிதி நிக்குது, அதுக்குள்ள எல்லாத்தையும் அரசாங்கம் ஏத்துக்கற மாதிரி பண்ணிடுங்கன்னு.

நிதி கொடுத்தவங்க மேல எனக்கு கோபம் இல்ல. இந்தியா அதுக்கு முன்னாடியே உலக வங்கி பட்டியல்ல ஏழை நாடுங்கற வரிசைய தாண்டிடுச்சு, அந்த கோட்டை தாண்டுனா நன்கொடை குறையும்ங்கறது எல்லா இடத்துலயும் இருக்கற வழக்கம்தான். கேட்ஸ் ஃபவுண்டேஷன் 2003-ல தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலத்துல ஆரம்பிச்ச அவாஹன்ங்கற எச்ஐவி தடுப்பு திட்டத்தையே 2009-லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நாகோ, அதாவது மத்திய அரசோட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, கையில கொடுத்துட்டு இருந்தாங்க. நம்ம எய்ட்ஸ் கட்டுப்பாட்டு திட்டமே 1992-ல உலக வங்கி கடன்ல ஆரம்பிச்சது, 2021-லேர்ந்து 2026 வரைக்குமான அஞ்சாவது கட்டத்துக்கு ஒதுக்குன 15,471.94 கோடி ரூபாயும் மத்திய அரசோட சொந்த காசு. சொந்த காலுல நிக்கறது பெரிய விஷயம், அதுல எனக்கு பெருமை உண்டு.

ஊட்டியில ஒரு மீட்டிங் போட்டு எக்ஸெல் ஷீட் ஒண்ணு கொடுத்தாங்க. முதல் கட்டத்துல வேலை, ரெண்டாவதுல இப்போ யார் காசு, மூணாவதுல இனிமே யார் காசு. மாத்திரைக்கு நேரா அரசுன்னு போட்டேன், அது ஏற்கனவே அரசுதான், எச்ஐவி மாத்திரை 2004-லேர்ந்து இலவசம், டிபி மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கிடைக்கும். டெஸ்ட் கிட் அரசு. கவுன்சிலர் அரசு. இப்படி கீழ வந்துட்டே இருந்தா கடைசியில மூணு வரி: ஜீப் டீசல், நோயாளி பஸ் காசு, ஃபீல்ட் ஒர்க்கர் மதிப்பூதியம். இதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல, ஏன்னா அரசு கணக்குல ஒரு செலவுக்கு தலைப்பு இல்லேன்னா எவ்வளவு நல்ல ஆபீசரா இருந்தாலும் பணம் கொடுக்க முடியாது, ஆடிட்ல மாட்டிக்குவார். சாயங்காலம் ஆயிடுச்சு, ஷீட்டை முடிச்சு கொடுக்கணும். நான்தான் அந்த மூணு கட்டத்துலயும் "பேசி முடிவு செய்யப்படும்"னு டைப் பண்ணேன். அப்புறம் யாரும் பேசல, நானும் கேட்கல.

அய்யன்கொல்லி தாண்டி பணியர்ங்கற பழங்குடி மக்களோட காலனி ஒண்ணு. காபி தோட்டத்துக்கு நடுவுல ஒத்தையடி பாதை, ஆனை நின்னா திரும்பி வந்துடணும். அந்த ஏரியாவுக்கு போன ஃபீல்ட் ஒர்க்கரும் பணியர்தான், நாங்க எல்லாரும் சேச்சின்னுதான் கூப்பிடுவோம். அங்க ஒரு பெரியவருக்கு டிபி, அப்போ எல்லாம் வாரத்துக்கு மூணு நாள் மாத்திரை, ஆறு மாசம், பக்கத்துல ஆள் நின்னு முழுங்க வைக்கணும். மார்ச் 31-ஓட ஜீப் போயிடுச்சு, சேச்சிக்கு மாசம் வந்துட்டு இருந்த 2,500 ரூபாயும் நின்னுடுச்சு. ஆனா சேச்சி நிக்கல, ஏப்ரல்ல ரெண்டு தடவை சொந்த காசுல பஸ் ஏறி போனாங்க, அப்புறம் தேயிலை பறிக்க கூலிக்கு போக வேண்டியதாயிடுச்சு, வீட்ல மூணு பிள்ளைங்க. ஜூன்ல மழை பிடிச்சுது. சுகாதார நிலையத்துல பெரியவர் பேர் எழுதுன மாத்திரை பெட்டி அப்படியே இருந்துச்சு, ஒரு நாள் கூட ஸ்டாக் இல்லாம போகல. அவர்தான் வரல.

ஜூலையில அவர் சளியில ரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வந்தாங்க. திரும்ப முதல்லேர்ந்து, இந்த தடவை எட்டு மாசம், அதுல முதல் ரெண்டு மாசம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வேற. சேச்சி என் வீட்டுக்கு வந்து, "தம்பி, அந்த டீசலுக்கு என்ன ஆச்சு, நீங்கதானே பேப்பர் எழுதுனீங்க"ன்னு கேட்டாங்க. திட்டல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

அடுத்த நாள் சுகாதார நிலையத்துல இருந்த டாக்டரை போய் பார்த்தேன். துணை சுகாதார நிலையத்துக்கு தேசிய ஊரக சுகாதார திட்டத்துல வருஷத்துக்கு 10,000 ரூபாய், இதுக்குத்தான்னு கட்டுப்பாடு இல்லாத நிதி உண்டு, அதுலேர்ந்து வண்டி வாடகைக்கு வழி பண்ணார், வாரத்துல ஒரு நாள் நர்ஸ் அம்மாவே காலனிக்கு போனாங்க. பெரியவர் 2014 மார்ச்ல கோர்ஸ் முடிச்சார். ஒரு டாக்டர் மனசு வச்சதால நடந்தது, அவர் மாறுதல் ஆனதும் அதுவும் நின்னுடுச்சு.

இப்போ நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. 2018 ஏப்ரல்லேர்ந்து டிபி நோயாளிக்கு சத்துணவுக்குன்னு மாசம் 500, 2024 நவம்பர்லேர்ந்து அது 1,000. பழங்குடி நோயாளிக்கு போக்குவரத்துக்குன்னு ஒரு தடவை 750 ரூபாய் இருக்கு. பேங்க் கணக்கு, ஆதார்னு இழுத்தடிக்கறது உண்டு, ஆனா தலைப்புன்னு ஒண்ணு வந்துடுச்சு, அதனால போய் கேட்க முடியுது.

சேரம்பாடியில டான்டீ, அதாவது அரசு தேயிலை தோட்ட, லைன் வீட்டுல சிலோன்லேர்ந்து தாயகம் திரும்பி வந்த ஒரு அம்மா இருக்காங்க, அக்கா இன்னும் ஹட்டன் பக்கம். இலங்கை, ஏழை நாடுகளுக்கு தடுப்பூசி வாங்க உதவற காவி (Gavi) அமைப்போட உதவியிலேர்ந்து வெளிய வந்து தடுப்பூசிய சொந்த காசுல வாங்கற நாடு, 2016-ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துச்சு. அப்படிப்பட்ட நாட்டுல 2022-ல டாலர் தீர்ந்து ஆஸ்பத்திரியில மருந்து இல்லாம அந்த அம்மாவோட அக்கா சர்க்கரை மாத்திரைக்கு அலைஞ்சாங்க, இங்கேர்ந்து வாங்கி அனுப்ப முடியுமான்னு அந்த அம்மா என்கிட்ட கேட்டாங்க. சொந்த காசுன்னாலும் அது எங்கேர்ந்து வருதுங்கறது இருக்கே.

2025-ல அமெரிக்கா உதவிய திடீர்னு நிறுத்துனப்போ தென்னாப்பிரிக்கா செய்திய படிச்சு எனக்கு எங்க ஷீட்தான் ஞாபகம் வந்துச்சு. எச்ஐவி மாத்திரைய பெரும்பாலும் தங்க பட்ஜெட்லயே வாங்கற நாடு அது, அங்கயும் வேலை போனது நன்கொடை காசுல சம்பளம் வாங்கிட்டு இருந்த கவுன்சிலர், டேட்டா எழுதறவங்க, வீடு வீடா போறவங்க. எங்களுக்காவது ரெண்டு வருஷம் டைம் கொடுத்தாங்க. தாய்லாந்துல அரசு காப்பீட்டு நிதியிலேர்ந்தே சமூக அமைப்புகளுக்கு எச்ஐவி வேலைக்கு காசு போகுது, நம்ம ஊர்லயும் மாநில எய்ட்ஸ் சங்கம் என்ஜிஓக்களுக்கு அப்படி கொடுக்குது, அதனால முடியாத காரியம் ஒண்ணும் இல்ல.

போன மாசம் வேற மாவட்டத்துலேர்ந்து ஒரு தங்கச்சி ஃபோன் பண்ணுச்சு, அவங்க ப்ராஜெக்டும் முடியுதாம், பழைய ஷீட் இருந்தா மாதிரிக்கு வேணும்னு. அனுப்பினேன். கடைசி மூணு வரியை வெட்டி மேல ஒட்டி, மாத்திரைய கீழ தள்ளி அனுப்பினேன். "அண்ணா, இந்த மூணுக்கும் இன்னும் பதில் வரலையே, இப்போதைக்கு பேசிக்கலாம்னு போட்டுடவா"ன்னு கேட்டுச்சு. வேணாம்மா, தொகையும் கொடுக்கற ஆபீஸ் பேரும் வர்ற வரைக்கும் ஷீட்டை கொடுக்காதன்னேன்.