அக்கா என்றொரு ஊர்

இஸ்ரேலின் வடக்குக் கடற்கரையில் நான் இருக்கும் நஹாரியாவுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டரில், கடலுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு ஒரு பழைய ஊர். ஹீப்ருவில் அக்கோ. அங்கே காலங்காலமாகக் குடியிருக்கும் அரபுக்காரர் வாயில் அது அக்கா. வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்து, "இன்னைக்கு அக்காவுக்குப் போனேன்" என்று அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். என் சொந்த அக்கா இருப்பது தக்கலையில். "அவ வீட்டுக்கா? எப்ப மக்ளே வந்தே?" என்று அம்மா பதறியது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிற பகடி.

நான் மெட்டாபெலெத். வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இங்கே அதுதான் பெயர். விசா 63 மாசம். பார்த்துக்கொள்ளும் ஆள் உயிரோடு இருந்து, நம்மை விடாமலும் இருந்தால் நீளும். என் பொறுப்பில் இருப்பவர் தொண்ணூறைத் தாண்டியவர். சவ்தா என்று கூப்பிடுகிறேன். பாட்டி என்று அர்த்தம். ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். கண் மங்கிவிட்டது, ஆனால் அலமாரி நிறையப் புத்தகம். அதனால் சாப்பாடு, மருந்து, குளியல் போக, சாயங்காலம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பதும் என் வேலை. ஏஜென்சிக்காரன் காசு வாங்கும்போது இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சந்தோஷமாகவே கொடுத்திருப்பேன்.

ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து படையெடுத்து வந்த கிறிஸ்தவர்கள், அதாவது சிலுவைப்போர்க்காரர்கள், எனக்கு அறிமுகமானது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததில் வாளும் குதிரையும் மட்டும்தான் மனசில் நின்றிருந்தது. சவ்தாவுக்கோ வாளில் அக்கறையே இல்லை. "சண்டையை யார் வேணும்னாலும் போடலாம். மறுநாள் காலையில ரொட்டிக்கு என்ன பண்ணினாங்க, அதை வாசி" என்பார்.

அந்த ஆட்களை அரபுக்காரர்கள் இஃப்ரஞ்ச் என்றார்கள். பிராங்கு நாட்டார். அந்தச் சொல்தான் கடல் தாண்டி நம் பக்கம் வந்து பறங்கியானது. பறங்கிமலையும் பறங்கிக்காயும் அதே குடும்பம். நாம் அதைப் போர்ச்சுக்கீசியருக்குப் பயன்படுத்துவதற்கு நானூறு வருஷம் முன்னாலேயே இந்தக் கடற்கரையில் பறங்கி என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நானும் அவர்களைப் பறங்கிகள் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

1099 ஜூலையில் ஜெருசலேமைப் பிடித்தார்கள். உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டித் தள்ளினார்கள். அந்தப் பக்கத்தை வாசித்த அன்றைக்குச் சவ்தா போதும் என்று கையைக் காட்டிவிட்டார். மறுநாள் தொடர்ந்தோம். மறுநாள்தான் அவர்களுக்கும் சிக்கல் ஆரம்பம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நேர்த்திக்கடன் முடிந்தது என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நம் ஊரில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டா உட்காருவார்கள்? 1100 வாக்கில் நாட்டைக் காக்க இருந்தது முன்னூறு குதிரை வீரர்களும் அதே அளவு காலாட்களும்தான் என்று புல்ஷே என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். ஷார்த்ர் ஊர்க்காரர், ஜெருசலேமை ஆண்ட முதலாம் பால்ட்வின் ராஜாவின் சாமியார். வெட்டியும் விரட்டியும் காலியாக்கிய நகரத்தில், ஒரு தெருவை நிரப்பக்கூட ஆள் இல்லை. மதில் உண்டு, காவலுக்கு ஆள் கிடையாது.

அதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். கஷ்டகாலம் வந்ததும் வீட்டைப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடி, நிலைமை சரியானதும் திரும்பி வந்து "என் வீடு" என்று நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே ஒரு வருஷமும் ஒரு நாளும் எவன் அந்த வீட்டில் நின்று தாக்குப்பிடித்தானோ, வீடு அவனுக்கே. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. 63 மாசம் முடிந்ததும் பெட்டியைக் கட்டு என்கிற சட்டத்துக்கும், ஓடாமல் இருந்தால் வீடே உனக்கு என்கிற சட்டத்துக்கும் நடுவில் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் இருக்கிறது. சவ்தாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு ஆள் வேணும். எங்களுக்குக் கை மட்டும்தான் வேணும்" என்றார். டீச்சர் இல்லையா, பட்டென்று சொல்லிவிடுவார்.

அந்தச் சட்டமும் போதவில்லை. 1115 வாக்கில் யோர்தான் நதிக்கு அப்பாலிருந்து சிரியக் கிறிஸ்தவக் கிராமங்களை வீடு, நிலம் தருவதாகச் சொல்லி அழைத்து வந்து ஜெருசலேமில் குடிவைத்தார்கள். 1120-இல் நகரத்துக்குள் வரும் தானியத்துக்கும் பயறுக்கும் வரியை எடுத்துவிட்டார்கள். கொண்டு வருகிறவன் முஸ்லிமாக இருந்தாலும் சரி. நகருக்குள் குடியிருக்கக் கூடாது என்று விரட்டிய அதே ஆளிடம், கோதுமையோடு வந்தால் வாசல் திறந்திருக்கும் என்கிறார்கள். வயிறு கற்றுக்கொடுத்த அரசியல்.

கடல் பக்கம் வேறு கதை. பறங்கிகளிடம் கப்பல் கிடையாது. ஜெனோவா, வெனிஸ், பிசா வியாபாரிகளிடம் இருந்தது. சும்மா வருவார்களா? 1104-இல் அக்காவைப் பிடிக்க உதவிய ஜெனோவாக்காரருக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. 1124-இல் தீர் நகரத்தைப் பிடித்தபோது வெனிஸ்காரருக்கு ஊரிலேயே மூன்றில் ஒரு பங்கு. தனித் தெரு, தனிக் கோயில், தனி நீதிமன்றம். கடற்கரை ஊர் அஸ்கலான் கிடைக்க 1153 ஆனது. துறைமுகம் கையில் இருந்ததால்தான் ஊரிலிருந்து ஆளும் பணமும் வந்துகொண்டே இருந்தது. உள்நாட்டுக் கோட்டைகளைப் பார்த்து வாய் பிளக்கிறோம், ஆனால் குடல் கடற்கரையில் இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டரில் அக்ஸீவ் என்று ஒரு கடற்கரை. அதன் பறங்கிப் பெயர் காசல் இம்பெர். 1150-களில் மூன்றாம் பால்ட்வின் அங்கே ஒரு குடியிருப்பைத் தொடங்கினான். வருகிறவனுக்குப் பரம்பரையாக வீடு, உழ நிலம், தோட்டம் போட இடம். பதிலுக்கு விளைச்சலில் ராஜாவுக்குப் பங்கு. ராஜாவின் அடுப்பில் ரொட்டி சுட்டால் அதிலும் ஒரு பங்கு. வந்தவன் பெரும்பாலும் ஊரில் துண்டு நிலம் இல்லாதவன். இங்கே குடியானவன் என்ற பெயர் மாறி, அடிமைப்படாத நகரத்தான் என்ற அந்தஸ்து. சவ்தாவின் அப்பாவுக்கும் 1930-களில் ஜெர்மனியிலிருந்து ஓடி வந்தபோது நஹாரியாவில் ஒரு துண்டு நிலமும் கொஞ்சம் கோழியும்தான். "அப்பாவுக்குக் கோழியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கோழிக்கும் அப்பாவைப் பத்தித் தெரியாது." கோட்டுச் சட்டையைக் கழற்றாமல் வயலில் நின்றதால் அவர்கள் ஆட்களுக்கு யெக்கெ என்று பட்டம் வைத்தார்களாம்.

பட்டம் பறங்கிகளுக்கும் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் புலான் என்றார்கள், ஐரோப்பாவிலிருந்து புதிதாக இறங்கியவர்கள். 1216-இல் அக்காவுக்கு ஆயராக வந்த ஜாக் டி வித்ரிக்கு இந்தப் புலான்களைக் கண்டாலே ஆகாது. மெத்து மெத்தென்று துணி உடுத்துகிறார்கள், போர்க்களத்தைவிடக் குளியல்கூடம்தான் பழக்கம் என்று புலம்பியிருக்கிறார். குவைத்திலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்து எங்கள் பெரியப்பா சொல்வது மாதிரியே இருக்கிறது. இந்த ஊர் ஆகஸ்ட் மாசத்தை அனுபவித்த யாரும் குளிக்கிறவனைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தப் புல்ஷே சாமியார் 1120-களில், தன் கடைசிக் காலத்தில் எழுதியதைச் சவ்தா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மேற்கத்தியராக இருந்த நாம் கிழக்கத்தியர் ஆகிவிட்டோம். பிறந்த ஊரையே மறந்துவிட்டோம். சிலர் சிரியப் பெண்ணை, அர்மீனியப் பெண்ணை, ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம் பெண்ணைக்கூடக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஏழையாக இருந்தவன் இங்கே பணக்காரன். இப்படிப் போகிறது. எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு லெட்டர் எழுதுகிற தொனி அதில் இருக்கிறது. "இங்கே நல்லா இருக்கோம், நீங்களும் வாங்க." ஆள் பிடிக்க எழுதியதாகவும் இருக்கலாம். ஆனால் கலியாணம் பற்றிச் சொன்னது பொய்யில்லை. இரண்டாம் பால்ட்வின் கட்டியது மெலிட்டீன் ஊர் அர்மீனியப் பெண் மொர்ஃபியாவை. அவர்கள் மகள் மெலிசாந்துதான் பின்னால் ஜெருசலேமின் ராணி.

கிராமத்தில் என்ன நடந்தது? இப்னு ஜுபைர் என்று ஸ்பெயின் பக்கத்து முஸ்லிம் பயணி ஒருவர் 1184 செப்டம்பரில் டமாஸ்கஸிலிருந்து அக்காவுக்கு வந்தார். வழிநெடுக முஸ்லிம் கிராமங்கள். அறுவடையில் பாதி, தலைக்கு ஒரு தினாரும் ஐந்து கிராத் சில்லறையும், பழமரத்துக்குச் சின்ன வரி. அதோடு சரி, வீடும் வாசலும் அவர்கள் கையில். எங்கள் முஸ்லிம் ஆட்சிக்காரர்களின் கீழ் இருப்பவர்களைவிட இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களே என்று அவருக்கே வருத்தம். விளைச்சலில் பாதி வாரம் என்பது எங்கள் தாத்தா காலத்து வயல்காரனுக்குப் புதிதில்லை. அக்கா சுங்கச்சாவடியில் கணக்கப்பிள்ளைகள் கிறிஸ்தவர்கள்தான். எழுத்தும் பேச்சும் அரபி. கருங்காலி மசிக்கூடு, தங்க வேலைப்பாடு. இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. கொடி பறங்கியுடையது, பேரேடு உள்ளூர்க்காரனுடையது. மூட்டையில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன வரி என்று தெரிந்தவன் அவன். ஊர் முழுக்க அழுக்கும் நாற்றமும் என்றும் இப்னு ஜுபைர் எழுதியிருக்கிறார்.

நாற்றம் என்றதும் புழு விஷயம். அக்காவின் அந்தக் காலத்துக் கழிப்பிடக் குழி மண்ணை ஆராய்ச்சிக்காரர்கள் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகளோடு மீன் நாடாப்புழு முட்டையும் கிடைத்தது. அது இந்தப் பக்கத்துப் புழுவே இல்லை, வட ஐரோப்பாவின் குளிர்ந்த ஆற்று மீனிலிருந்து வருவது. அதாவது ஊரை மறந்தாலும் வயிற்றில் ஊரைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். தினமும் இந்த மாதிரிச் சமாச்சாரங்களைத் துடைத்து எடுக்கிறவள் நான். சிரித்து முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. என் பெட்டியில் வந்தது குடம்புளியும் கருப்பட்டியும்.

கருப்பட்டியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அக்காவில் ஹாஸ்பிட்டலர் துறவி வீரர்களின் பெரிய மண்டபங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கே நூற்றுக்கணக்கில் மண்பாண்டங்கள் கிடைத்தன: கூம்பு வடிவம், அடியில் ஓட்டை, கீழே வைக்க ஒரு ஜாடி. முதல் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இங்கே கரும்புப் பாகைக் காய்ச்சிக் கூம்பில் ஊற்றினால், பாகு ஓட்டை வழியே ஜாடியில் வடிந்து, சீனி கூம்பாக உறையும். 1099-இல் திரிப்போலிப் பக்கம் வயலில் கிடந்த கரும்பைப் பட்டினியில் சப்பிப் பார்த்துத்தான் பறங்கிப் படைக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரிந்தது. நூறு வருஷத்தில் அதுவே அவர்களின் ஏற்றுமதிச் சரக்கு. நஹாரியாவுக்குக் கிழக்கே மனோத் என்ற இடத்தில் சீனி ஆலையே இருந்திருக்கிறது. கரும்பு நட்டதும் பாகின் பதம் பார்த்ததும் யார்? அந்தத் தொழில் பறங்கி வருவதற்கு முன்பே இங்கே இருந்தது.

எல்லாம் 1291 மே 18-ஆம் தேதியோடு முடிந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானின் படை அக்காவுக்குள் நுழைந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சைப்ரஸ் போனார்கள். நடுவில் 1187 முதல் 1191 வரை முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் கையில் இருந்த நாலு வருஷத்தைக் கழித்தாலும், அக்காவில் அவர்கள் இருந்தது நூற்று எண்பது வருஷத்துக்கு மேல்.

சவ்தாவுக்கும் எனக்கும் மிகவும் பிடித்தது சிரியாவின் ஷைஸர் கோட்டை அரபுப் பிரபு உஸாமா இப்னு முன்கித் எழுதி வைத்த சம்பவம். அவருடைய ஆள் ஒருவன் வேலையாக, பறங்கிகள் கையிலிருந்த அந்தியோக்கியா நகரத்துக்குப் போனான். முதல் படையோடு வந்து ஓய்வுபெற்ற கிழ வீரன் ஒருவன் அவனை விருந்துக்கு அழைத்தான். மேஜையில் எல்லாம் சுத்தமாக, ருசியாக. இவன் மட்டும் கை வைக்கத் தயங்கினான். கிழவன் சொன்னானாம்: "தைரியமாகச் சாப்பிடு. நான் பறங்கிச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. என்னிடம் எகிப்தியச் சமையற்காரிகள் இருக்கிறார்கள், அவர்கள் கைச் சமையல்தான். பன்றி இறைச்சி என் வீட்டுக்குள் வருவதே கிடையாது." கொஞ்சம் சாப்பிட்டுக் கிளம்பினான். கடைத்தெருவில் ஒரு பறங்கிப் பெண் அவனைப் பிடித்துக்கொண்டு, என் அண்ணனைக் கொன்றவன் இவன்தான் என்று கத்தினாள், கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கிழவன்தான் வந்து, இவன் வியாபாரி, சண்டைக்குப் போகிறவன் இல்லை என்று கூட்டத்தைக் கலைத்துக் காப்பாற்றினான். அந்தச் சாப்பாடு உயிரைக் காப்பாற்றியது என்று கதை முடிகிறது.

"அந்தச் சமையற்காரிகள் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"எழுதலை" என்றார் சவ்தா.

எத்தனை பேர், எப்படி அந்தியோக்கியாவுக்கு வந்தார்கள், காசு கொடுத்தானா, விலைக்கு வாங்கினானா, எதுவும் இல்லை. நான் அடுக்களைக்குப் போனேன். அக்காவில் வாங்கிய மீன் இருந்தது. தேங்காய்த் தூள்தான் இங்கே கிடைக்கும். அதில் மிளகாயைக் குறைத்து, குடம்புளியில் ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவிட்டேன். சவ்தாவுக்கு ஜெர்மன் உருளைக்கிழங்கு சாலட்தான் உயிர். ஆனாலும் சனி, ஞாயிறில் இந்தக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். முள்ளை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.