தகடூர்க்காரருக்குத் தகட்டு வரைபடம்

செப்பேடு என்றால் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுத்து நேராக இருக்கும், எடுத்துப் படிக்கலாம். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உலக வரைபடம் அச்சிட்ட செப்புத் தகடு வேறு சாதி. கடல், கப்பல், ஊர்ப்பெயர் எல்லாமே இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும். அது படிப்பதற்கான தகடு இல்லை, காகிதத்தில் ஒற்றுவதற்கான தகடு.

நடுகல்லில் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மைப்படியில் கல்லின் மேடு கறுப்பாகும், வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும். தகட்டு அச்சில் மேட்டு மையை முழுக்கத் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் தங்கிய மை மட்டும்தான் காகிதத்துக்கு வரும்.

மெருகேற்றிய தகட்டில் கூர்முனைச் செதுக்குளியைத் தள்ளிக்கொண்டே போனால் ஆங்கில ‘V’ வடிவத்தில் ஒரு பள்ளம் விழும். உளி ஆழமாக இறங்கினால் கோடு தடிக்கும், மேலே வந்தால் மெலியும். ஓரத்தில் எழும் பிசிரைச் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கரி அரைத்த மையை, சூடாக்கிய தகட்டில் தேய்த்து, முதலில் துணியாலும் பிறகு உள்ளங்கையாலும் துடைப்பார்கள். நனைத்துப் பதமாக்கிய காகிதத்தை மேலே போட்டு, கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே இழுத்தால் ஈரக் காகிதம் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துவரும். அதிகம் துடைத்தால் கோடு வெளிறும். குறைத்தால் படம் முழுக்கச் சாம்பல் படியும். காகிதம் காய்ந்திருந்தால் கோடு விட்டுவிட்டு விழும். உலரும்போது காகிதம் சுருங்குவதால், ஒரே தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகள் சில மில்லிமீட்டர் வேறுபடும். அதை வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

செம்பு மெத்தென்ற உலோகம். அச்சு ஏற ஏற, மெல்லிய நிழற்கோடுகள்தான் முதலில் தேயும்; பிறகு உளியால் மறுபடி ஆழப்படுத்துவார்கள். பிழை திருத்த, பின்பக்கம் சுத்தியலால் தட்டி மேலெழுப்பி, முன்பக்கம் மெருகிட்டுப் புதிதாக வெட்டுவார்கள். சில படங்களில் பழைய எழுத்தின் சாயல் அடியில் மங்கலாகத் தெரியும்.

ஒரு படத்தின் வயதைச் சொல்வதற்கு இந்தத் தழும்புகளே போதும். ஆபிரகாம் ஓர்டீலியஸ் 1570 மே 20 அன்று ஆன்ட்வெர்ப்பில் 53 தாள்களோடு வெளியிட்ட வரைபடத் தொகுப்பின் உலகப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகடு இடது கீழ் மூலையில் விரிசல் விட்டது. ஒட்டிப் பயன்படுத்தினார்கள், பிந்தைய பிரதிகளில் அந்தக் கோடு தெரியும். 1586 என்று தேதியிட்டு இரண்டாம் தகடு, 1587இல் மூன்றாவது. மூன்றாவதில் சுற்றிலும் இருந்த மேகங்கள் போய் நான்கு வட்டங்களில் மேற்கோள்கள் வந்தன. முதல் தகட்டில் தென் அமெரிக்காவின் தென்மேற்கில் புடைத்திருந்த வயிறும் இதில் இல்லை.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் 1594இல் இறந்தார். அவர் தகடுகளை 1604இல் வாங்கிய வரைபட வெளியீட்டாளர் ஹோண்டியஸ், புதுப் படங்களும் சேர்த்து 1606இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். ஹோண்டியஸ் குடும்பத்துத் தகடுகள் பல 1629இல் இன்னொரு வெளியீட்டாளரான பிளேயூ கைக்குப் போயின. பழைய பெயரை அழித்துத் தன் பெயரை வெட்டிக்கொண்டார். நிலத்தை வாங்கி எல்லைக்கல் மாற்றி நடுகிற கதைதான். ஓரத்திலுள்ள லத்தீன் சொற்களைப் பாருங்கள்: ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டவர்.

ஓர்டீலியஸின் உலகப் படத்தில் கிருஷ்ணகிரியைத் தேடினால் ஏமாற்றம்தான். படம் சுமார் 49 சென்டிமீட்டர் அகலம்; ஒரு பாகைக்கு 1.3 மில்லிமீட்டர் அளவே கிடைக்கும். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்! அக்காலப் படங்களில் நம் பகுதிக்கு ‘நர்சிங்கா’ என்று பெயர். விஜயநகர அரசைத்தான் போர்த்துக்கீசியர் அப்படி அழைத்தார்கள். 1565இல் தலைக்கோட்டையில் அந்த அரசு அடிவாங்கிய பிறகும் பெயர் படத்தில் நீடித்தது. தகட்டை மாற்றக் காசு ஆகும், பாருங்கள். நம் 78 பாகைத் தீர்க்கரேகையையும் அப்படியே தேடாதீர்கள். கிரீனிச் 1884இல்தான் தீர்க்கரேகைக்குப் பொதுத் தொடக்கக் கோடானது. பிற்காலப் படங்கள் பலவற்றில் கணக்கு கிரீனிச்சுக்கு மேற்கே, கேனரித் தீவுகளில் உள்ள ஃபெர்ரோவிலிருந்து தொடங்கும். 17 பாகை 40 கலை (60 கலை ஒரு பாகை) கூட்டினால் கிருஷ்ணகிரி 96க்கு அருகே வரும்.

வாங்குவதானால் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். சீரான புள்ளிக்கூட்டம் தெரிந்தால் அது நவீன ஆஃப்செட் அச்சு, பேச்சே வேண்டாம். பொறித்த கோடு முனையில் ஊசிபோல் மெலிந்து முடியும். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருக்க வேண்டும். ஆனால் அதையும் போலியாக அழுத்தலாம், ஓரம் வெட்டிய படத்தில் அது காணாமலும் போயிருக்கலாம். ஆகவே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காகிதத்தைப் பாருங்கள்: அசலில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சங்கிலி வரிகளும் தெரியும். தொகுப்பிலிருந்து பிரித்த தாளில் நடுமடிப்பும், பெரும்பாலும் பின்பக்க அச்செழுத்தும் இருக்கும்.

பச்சை வண்ணத்தைத் தனியாகக் கவனியுங்கள். செப்புக் களிம்பில் செய்த பழைய பச்சை காகிதத்தை அரிக்கும். பின்பக்கம் அதே வடிவத்தில் பழுப்பு இறங்கியிருந்தால் வண்ணம் பழையது என்பதற்கு நல்ல அடையாளம். அந்த இடம் விரல் பட்டாலே விரிசல் விடும்.

ஃபிரேம் கடையில் கொடுக்கும்போது மூன்று விஷயம் கறாராகச் சொல்லிவிடுங்கள்: லேமினேஷன் கூடாது, செல்லோ டேப் கூடாது, முதுகுக்கு ஹார்ட்போர்டு கூடாது. அமிலமில்லா அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய ஜப்பானியத் தாள் பட்டைகளைக் கோதுமை மாச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். நாலு பக்கமும் ஒட்டினால் ஐப்பசி ஈரத்தில் உப்பி, சித்திரை வெயிலில் இழுத்துக் கிழியும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, பின்பக்கம் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மாச்சத்துப் பசை என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம்.