இழுவையின் இரண்டு முனைகள்

மொபைல் செயலியில் விரலோடு ஒரு கார்டை (மின்னஞ்சல் போன்ற ஒன்றைக் காட்டும் பெட்டியை) நகர்த்தப் பத்து வரி கோட் போதும். மீதி உழைப்பெல்லாம் அந்த நகர்வு எப்போது தொடங்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்பதில்தான் போகிறது. டிராக் (இழுவை) தொடர்பாக வரும் புகார்களும் பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளையே சுட்டும்.

முதலில் தொடக்கம். சும்மா தட்டும்போதுகூட விரல் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். அதனால் ஒரு சிறு தூரம் தாண்டிய பிறகே அதை இழுவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கு டச் ஸ்லாப் என்று பெயர். வழக்கமான மதிப்பு 8 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவு அலகு). ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐயில் உள்ள டிராக்ஜெஸ்சர் 10 பாயின்ட் எடுத்துக்கொள்கிறது, கூகிளின் ஃப்ளட்டர் 18 லாஜிக்கல் பிக்சல். ஆண்ட்ராய்டில் இந்த எண்ணைக் கையால் எழுதாமல் வியூகான்ஃபிகரேஷன் என்ற வகுப்பிடம் கேட்டு வாங்குவதே சரி. 3 மடங்கு அடர்த்தியுள்ள திரையில் 8 டிபி என்பது 24 பிக்சல். எல்லை தாண்டிய பிறகும் விரல் முதலில் பட்ட புள்ளியிலிருந்தே கணக்கிட்டால், கார்டு அந்த 24 பிக்சலை ஒரே ஃபிரேமில் தாவும். தாண்டிய இடத்தையே புதிய தொடக்கப் புள்ளியாக வைத்தால் தாவல் போய்விடும்.

இன்னொரு பழைய தொல்லை, கார்டு நடுங்குவது. ஆண்ட்ராய்டில் விரலின் கிடைமட்ட இடத்தைச் சொல்லும் கெட்எக்ஸ் தரும் எண் அந்த வியூவின் (இங்கே கார்டின்) இடது ஓரத்திலிருந்து அளந்தது. விரல் 50இல் பட்டு 60க்குப் போகிறது. வித்தியாசம் 10, கார்டை 10 நகர்த்துகிறோம். அடுத்த நிகழ்வில் விரல் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கிறது. ஆனால் வியூ நகர்ந்துவிட்டதால் கெட்எக்ஸ் மறுபடி 50 என்கிறது. வித்தியாசம் 0, கார்டு பழைய இடத்துக்கே திரும்புகிறது. அதற்கடுத்து 60. இப்படி 10, 0, 10, 0 என்று மாறுவதுதான் கண்ணுக்கு நடுக்கமாகத் தெரிகிறது. கெட்ராஎக்ஸ் திரையை வைத்து அளப்பதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை. வேகம் அளக்கும் வெலாசிட்டிடிராக்கருக்கும் இதே கோளாறு வரும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. நிகழ்வின் நகலை எடுத்து, ஆஃப்செட்லொகேஷனால் வியூவின் நகர்வைக் கூட்டிய பிறகே அதற்குக் கொடுக்க வேண்டும்.

கார்டு ஒரு ஸ்க்ரோல் பட்டியலுக்குள் இருந்தால் விரலுக்கு இரண்டு பேர் உரிமை கோருவார்கள். ஆக்‌ஷன் டவுனுக்கு (விரல் படும் நிகழ்வுக்கு) 'நான் கையாள்கிறேன்' எனும் ட்ரூவைத் திருப்பாவிட்டால் அடுத்த நிகழ்வுகள் கார்டுக்கு வரவே வராது. அதற்காக டவுனிலேயே, தொடுதலைப் பட்டியல் பறிக்க வேண்டாம் என்று கேட்கும் ரிக்வெஸ்ட்டிஸ்அலோஇன்டர்செப்ட்டச்ஈவென்ட்டைக் கூப்பிடுவதும் தவறு: கார்டின் மேல் விரல் வைத்துப் பட்டியலை மேலே தள்ளவே முடியாமல் போகும். ஸ்லாப் தாண்டும் நொடியில் கிடைமட்ட நகர்வு செங்குத்து நகர்வைவிட அதிகமா என்று பார்த்து, அப்போது மட்டும் கேட்க வேண்டும். அடுத்த டவுன் வந்ததும் இந்த வேண்டுகோள் தானாகவே அழிந்துவிடும்.

முடிவில் அதிகம் மறக்கப்படுவது ஆக்‌ஷன் கேன்சல். பட்டியல் விரலைப் பறித்துக்கொண்டால், அல்லது திரை ஓரத்தில் தொடங்கிய இழுவையை 'பின்செல்' சைகை எடுத்துக்கொண்டால், கார்டுக்கு அப் (விரல் எடுத்த நிகழ்வு) வராது, கேன்சல்தான் வரும். அதைக் கையாளாத கார்டு பாதி வழியில் அப்படியே நிற்கும். கேன்சலை அப் போலவே நடத்துவது அதைவிட மோசம். இழுத்தால் அழிக்கும் கார்டு என்றால், பயனர் உறுதி செய்யாத ஒரு மின்னஞ்சல் அழிந்துபோகலாம். கேன்சல் வந்தால் கார்டு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், வேறெதுவும் நடக்கக் கூடாது.

இரண்டாவது விரல் வைக்கப்பட்டு முதல் விரல் எடுக்கப்பட்டால், இன்டெக்ஸ் 0 (விரல்களின் வரிசை எண்) இப்போது இரண்டாவது விரலைக் குறிக்கும். கார்டு அங்கே பாயும். ஒவ்வொரு விரலுக்கும் தரப்படும் பாயின்டர் ஐடிதான் மாறாதது. இழுக்கும் விரலின் ஐடியைக் குறித்துவைத்து, அது போனால் மீதமுள்ள விரலின் இடத்தைப் புதிய தொடக்கமாக்க வேண்டும். இன்டெக்ஸ் ஏற்கும் கெட்ராஎக்ஸ் ஆண்ட்ராய்டு 10 முதல்தான் இருக்கிறது.

விரல் எடுத்ததும் கார்டு போகட்டுமா, திரும்பட்டுமா? தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. பாதிக்கு மேல் இழுத்துவிட்டு, மனம் மாறி எதிர்த்திசையில் சுண்டிவிட்டவர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். வேகத்தின் திசையை முதலில் பார்க்க வேண்டும். வேகம் குறைவாக இருந்தால் மட்டும் தூரம்.

எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போனில்) மவுஸால் இழுத்துப் பார்க்கும்போது இவற்றில் பாதி வெளியே வராது. மவுஸ் சுட்டி வழுக்காது, தற்செயலாக இன்னொரு விரலும் திரையில் படாது. நிஜ போனை ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் இழுத்துப் பார்க்க வேண்டும்.