சத்தம் எப்போது வருகிறது?

இந்த நாட்டுக்கு வந்து முதல் குளிர்காலத்தில் வாங்கிய பழைய கார், பனி கரையத் தொடங்கிய வாரத்தில் உறும ஆரம்பித்தது. சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் தரைக்கு அடியிலிருந்து பெரிய இரைச்சல் கிளம்பும். சிக்னலில் பச்சை விழுந்து நான் புறப்பட்டால் நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். "என்ன மாதிரி சத்தம்?" என்று கேட்டார் மெக்கானிக். கடகட, கரகர, டொக்டொக், கிறீச் என்று தமிழில் எனக்கு வாய் நிறையச் சொற்கள் இருந்தன. அவர் மொழியில் 'பெரிய சத்தம்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் பொறுமைசாலி. "எப்படி இருக்கிறது என்பது இருக்கட்டும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பெரிய தெம்பு வந்தது. எப்போது என்று சொல்ல அதிகம் மொழி வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஆளில்லாத ஒரு பார்க்கிங் இடத்துக்குப் போனோம். முதலில் கியரை வண்டி நகராத 'பார்க்' நிலையில் வைத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை ஏற்றினேன். சத்தம் வந்தது, ஆனால் லேசாக. சக்கரம் சுழலாமலே வருகிறது என்றால் டயரும், சக்கரம் உராயாமல் சுழல உதவும் வீல் பேரிங்கும் காரணமில்லை. அப்புறம் ஓட்டிப் பார்த்தோம். மிதித்தால் உறுமல், வேகம் குறைவதற்கு முன்பே, காலை எடுத்த கணத்தில் அடங்கிவிடுகிறது. பேரிங் போயிருந்தால் அந்த வேகத்தில் ஊளை தொடர்ந்திருக்கும், வளைவுகளில் கூடிக் குறையும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பியபோதும் சக்கரப் பக்கம் டக்டக் என்று எதுவும் கேட்கவில்லை. அது கேட்டிருந்தால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் அச்சின் மூட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

மனைவி ஜன்னலை இறக்கிவிட்டுக் காதை வெளியே வைத்திருந்தாள். "மெதுவா போங்க... இப்ப மிதிங்க. பின்னாடி இல்லைங்க, என் காலுக்குக் கீழதான் கேட்குது" என்றாள். மிதிக்கும்போது மட்டும் வருகிற உறுமல் என்றால் புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம். அந்தக் குழாயின் சைலன்சர் இருப்பது பின்னால். ஆகவே ஓட்டை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அதோடு இன்னொன்றும் அகப்பட்டது: பிரேக்கை மிதித்தபடி கியரை டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றினால் முன்பக்கம் 'தொம்' என்று ஓர் இடி. இதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை அவள் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டு வாரமாக, காரில் போய் வந்தாலே தலைவலிக்கிறதாம். குளிருக்காக ஜன்னலை இறுக மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழாய் முன்னால் உடைந்தால் அது தரையின் சந்துகள் வழியாக உள்ளே வரலாம். தலைவலிக்குக் காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் குழந்தையை அந்தக் காரில் ஏற்றுவதை அன்றே நிறுத்தினோம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது நான்கு ஜன்னலையும் திறந்துவைத்து நான் மட்டும் ஓட்டினேன். இந்தச் சத்தத்தை 'பழைய கார் அப்படித்தான்' என்று யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

காரைத் தூக்கி நிறுத்தி மெக்கானிக் என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வளைந்துகொடுக்கிற பகுதி, ஃப்ளெக்ஸ் பைப். அதைச் சுற்றி மெல்லிய எஃகுக் கம்பிகளை வலைபோல் பின்னியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் பின்னல் பிரிந்து, நைந்த கயிறுபோல் கம்பிகள் தொங்கின. அந்த இடத்துக்கு நேர் மேலே தகட்டில் கரிப்படலம், விசிறி விரித்த மாதிரி. கரி எங்கே அப்பியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

"சரி, ஏன் உடைந்தது?" என்றேன். அவர் ஒரு கம்பியை வைத்து எஞ்சினை நெம்பினார். எஞ்சின் நன்றாகவே ஆடியது. அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்று கிழிந்திருந்தது. நான் குறித்துவைத்த 'தொம்' அதுதான்! மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் புரண்டு குழாயை இழுத்திருக்கிறது. இழுபடும்போது விரிசல் அகலமாகத் திறக்கிறது, அதிகப் புகையும் அப்போதுதான் பாய்கிறது. பார்க்கில் லேசாகவும் சாலையில் பலமாகவும் கேட்டதற்கு அதுவே காரணம். குழாயை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் கொஞ்ச நாளில் கிழிந்திருக்கும்.

துருவும் தன் பங்கைச் செய்திருந்தது. குளிர்காலச் சாலைகளில் தூவுகிற உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். நாங்கள் ஓட்டியதெல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்குமாக ஐந்தைந்து நிமிடம். குழாய் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் காய்வதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவோம். அது உள்ளேயிருந்து அரிக்கிறது. இப்போது வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறோம்.

பசை நாடா சுற்றிச் சமாளிக்கலாமா என்றும் கேட்டேன். ஆடாத குழாயில் சிறு ஓட்டை என்றால் கொஞ்ச நாள் தாங்குமாம். அசைகிற இடத்தில் நிற்காது என்றார். பழுதான பகுதியை அறுத்தெடுத்துப் புதியதை வெல்டிங் செய்தார், மவுண்டை மாற்றினார். துருவேறிய போல்ட்டுகளில் இரண்டு கழற்றும்போதே முறிந்தன. அதில்தான் அவருக்கு அதிக நேரம் போயிற்று.

மறுநாள் மூவருமாகக் கிளம்பினோம். பாலத்து ஏற்றத்தில் நன்றாகவே மிதித்தேன். மனைவி வழக்கம்போல ஜன்னலை இறக்கிக் காது கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இண்டிகேட்டர் சத்தம்கூடக் கேட்குதுங்க" என்றாள்.