கழுவும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்: சி.எஸ்.எஸ்.டி. தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவுதான் சி.எஸ்.எஸ்.டி. அதற்கான செய்முறைத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கே தப்பாகப் பதில் சொன்னேன்.

அதற்கு முந்தின இரவு முழுக்க எண்களைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். 121 டிகிரி, 15 பவுண்ட் அழுத்தம். 134 டிகிரி, 30 பவுண்ட். அழுத்த ஆவியால் கிருமி நீக்கும் மெஷினான ஆட்டோகிளேவைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் சேம்பர்லாண்ட், ஆண்டு 1879. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். தேர்வாளராக வந்தவர் பல வருடம் தியேட்டர் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர். எண் எதையும் அவர் கேட்கவில்லை. மேஜையில் இருந்த, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்றைக் கையில் எடுத்து, "ரத்தத்தோட இது உன்கிட்ட வருது. முதல்ல எந்தத் தண்ணியில போடுவே?" என்றார்.

"சுடுதண்ணியிலங்க மேடம்."

"எவ்வளவு சூடு?"

"கை பொறுக்காத சூடுங்க."

அவர் ஃபோர்செப்ஸைக் கீழே வைத்தார். "வீட்ல முட்டை கலக்கின கிண்ணத்தைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவிப் பாத்திருக்கியா அம்மணி?"

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. முட்டை கிண்ணத்தோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தேய்த்தாலும் போகாது. ரத்தமும் புரதம்தான். அதிகச் சூட்டில் உறைந்து, கருவியின் பல்லிடுக்கில் படிந்துவிடும். அதனால் முதல் அலசல் குளிர்ந்த தண்ணீரில். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், புரதத்தைக் கரைக்கும் என்சைம் கரைசல், அதன் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு, எழுதியிருக்கும் நேரம்.

எப்படியோ பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் நான் படித்த வரிசையே தலைகீழ் என்பது அந்த மேஜை முன்னால்தான் தெரிந்தது. எல்லாரும் ஆட்டோகிளேவில் ஆரம்பிக்கிறோம். பெரிய மெஷின், பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, புத்தகத்திலும் அதற்குத்தான் அதிகப் பக்கம். அழுக்கு இருக்கும் கருவியை எத்தனை டிகிரியில் வைத்தாலும் அது ஸ்டெரைல் ஆகாது. அழுக்கு கிருமிக்குப் போர்வை. ஆவி அந்தப் போர்வைக்கு மேலேயே நின்றுவிடும்.

என்னைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். கோபி பக்கத்தில் ஒரு கிராமம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, ஒரு வருட டிப்ளமோ முடித்து, ஆறு வருடமாகக் கோவையில் ஒரு மருத்துவமனையின் சி.எஸ்.எஸ்.டி.யில் வேலை பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, பேக் செய்து, கிருமி நீக்கி, மறுபடி தியேட்டருக்கு அனுப்பும் இடம் அது. ஊரில் சொல்லும்போது "ஆஸ்பத்திரியில பாத்திரம் கழுவற வேலையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வி வலித்த நாட்களும் உண்டு. ஆனால் ஒரு வயிற்றைத் திறக்கும்போது உள்ளே போகும் ஒவ்வொரு இரும்பும் முதலில் என் கண்ணைத் தாண்டித்தான் போகிறது.

பயிற்சிக் காலத்தில் வேறொரு மருத்துவமனையில் நடந்தது இது. ஒரு மதியம் அவசரத்தில், தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர்களைப் பூட்டிய நிலையிலேயே கழுவிவிட்டேன். மேலே பளபளவென்று இருந்தது. ஆட்டோகிளேவும் முடிந்து தியேட்டருக்குப் போய்விட்டது. சாயந்திரம் தியேட்டர் சிஸ்டர் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். திட்டவில்லை. வெள்ளை காஸ் ஒன்றை மேஜையில் விரித்து, நீடில் ஹோல்டரை முழுக்கத் திறந்து, மூட்டு இருக்கும் இடத்தில் காஸின் முனையைச் செருகி இழுத்தார். காஸில் காப்பிப்பொடி நிறத்தில் மெல்லிய ஒரு கோடு. அவ்வளவுதான். டேபிளில் விரிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டதால் வேறு செட் எடுத்தார்கள். அந்தக் கோடு இன்றும் என் கண்ணில் இருக்கிறது. பூட்டுள்ள எல்லாவற்றையும் திறந்துதான் கழுவ வேண்டும், பிரிக்க முடிந்ததைப் பிரித்துத்தான் கழுவ வேண்டும் என்று புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியை அடிக்கோடிடுங்கள்.

சின்னத் துளை வழியாக அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி கருவிகளின் குழாய்க்குள் அதற்கேற்ற பிரஷ் விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அலச வேண்டும். பிரஷ் தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் தேய்க்க வேண்டும், வெளியே தேய்த்தால் தெறிப்பு உங்கள் முகத்துக்கு வரும். தியேட்டரில் சிலர் கருவி காயக்கூடாது என்று சலைனில் ஊறப்போட்டு அனுப்புவார்கள். உப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும், குழி விழும். பிளீச்சிங் கரைசலும் அப்படித்தான். இவை எல்லாம் வாய்மொழித் தேர்வான வைவாவில் வரும் கேள்விகள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் கருவி மேலும் வெள்ளைப் புள்ளி விழும். அதனால்தான் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். பழுப்பாக ஒரு கறை தெரிந்தால் அது கறையா துருவா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். கறை போய், கீழே வழவழப்பாக இருந்தால் வெறும் கறை. கீழே சொரசொரவென்று குழி தெரிந்தால் துரு, அந்தக் கருவியைத் தனியே எடுத்துவிட வேண்டும். தேர்வில் இதைச் செய்து காட்டிய என் தோழியைத் தேர்வாளர் மேலே எதுவும் கேட்காமல் அடுத்த மேஜைக்கு அனுப்பினார்.

இனி ஆவி. இதை எனக்குப் புரியவைத்தது அப்பா. பெருந்துறை சிப்காட்டில் ஒரு டையிங்கில் பாய்லர் பார்க்கிறார். நான் படிக்கும்போது, "எதுக்குப்பா ஆவி? அதே சூட்டுக் காத்துல வெச்சா ஆகாதா?" என்று கேட்டேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலைக் காட்டினார். "மூக்குகிட்ட ஒண்ணும் தெரியலை பாத்தியா கண்ணு? அதுதான் ஆவி. கொஞ்சம் தள்ளி வெள்ளையாத் தெரியுதே, அது ஆவியில்லை, தண்ணித்துளி. ஆவி குளுந்த பொருள் மேல பட்டா தண்ணியாகும். ஆகும்போது உள்ள வெச்சிருந்த சூட்டையெல்லாம் அங்கயே கொட்டிட்டுப் போயிரும்."

பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதுதான். ஒரு கிராம் தண்ணீரை 0-வில் இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 100 கலோரி. அதே 100 டிகிரியில் அதை ஆவியாக்க இன்னும் சுமார் 540 கலோரி. அந்த 540-ஐத்தான் ஆவி கருவி மேல் கொட்டுகிறது. காற்றிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அதனால்தான் காய்ந்த சூட்டில் 160 டிகிரி வைத்து இரண்டு மணி நேரம் ஆகும் வேலை, காற்றை உறிஞ்சி எடுக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடத்தில் முடிகிறது.

இது புரிந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக வரும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஆவி படாது, ஆகவே காற்றை வெளியேற்ற வேண்டும். பேக்குகளை நெருக்கி அடைத்தால் ஆவி நுழைய வழியில்லை, ஆகவே இடைவெளி விட வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றோ தண்ணீரோ தேங்கும். முடிந்ததும் சூடாக இருக்கும் பேக்கை எடுத்துக் குளிர்ந்த கிரானைட் மேல் வைத்தால் அடியில் நனைந்துவிடும். நனைந்த பேக் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும், அது ஸ்டெரைல் கணக்கில் வராது. ஒவ்வொன்றையும் தனி விதியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

சோதனைகளில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். காலையில் முதல் வேலை போவி-டிக் டெஸ்ட். மெஷினைச் சூடாக்கிவிட்டு, சேம்பரில் வேறு எதுவும் வைக்காமல், அந்தப் பேக்கை மட்டும் வைத்து 134 டிகிரியில் மூன்றரை நிமிடம். வெளியே எடுத்துத் தாளைப் பார்த்தால் நிறம் முழுக்க ஒரே மாதிரி மாறியிருக்க வேண்டும். நடுவில் வெளிறிய திட்டு இருந்தால் அங்கே காற்று நின்றிருக்கிறது. "இது பாஸ் ஆனா கிருமி செத்துதுன்னு அர்த்தமா?" என்று கேட்பார்கள். இல்லை. காற்று சரியாக வெளியேறியது, ஆவி உள்ளே நுழைந்தது என்று மட்டும்தான் அர்த்தம். பேக்கின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தாலும் அப்படியே: இந்தப் பேக் மெஷினுக்குள் போய்வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி.

கிருமி செத்ததா என்று சொல்வது, சூட்டை எளிதில் விட்டுக்கொடுக்காத கிருமி விதைகளை (ஸ்போர்) வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட். ஆவிக்கு ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ், ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு) வாயுவுக்கு பேசில்லஸ் அட்ரோஃபேயஸ். பெயரைச் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள், வைவாவில் நாக்கு தடுமாறும். கருவிகளோடு மெஷினுக்குள் வைத்த ஸ்போர் ஆம்பூலோடு (சின்னக் குப்பி), வைக்காத ஆம்பூல் ஒன்றையும் சேர்த்து இன்குபேட்டரில் போட வேண்டும், இரண்டும் ஒரே லாட். வைக்காதது ஊதாவிலிருந்து மஞ்சளாக மாற வேண்டும், வைத்தது ஊதாவாகவே இருக்க வேண்டும். இரண்டுமே ஊதாவாக இருந்தால்? சந்தோஷப்படக் கூடாது. அந்த ஸ்போருக்கே உயிர் இல்லை, முடிவு செல்லாது. இந்தக் கேள்வியில் என் வகுப்பில் பாதிப் பேர் விழுந்தார்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்கும் பிளாஸ்மா மெஷினுக்கு ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பருத்தித் துணியும் காகிதமும் ஈரமும் ஆகாது. அவை ஹைட்ரஜன் பெராக்சைடை உறிஞ்சும், சைக்கிள் பாதியில் நின்றுவிடும். ஈ.டி.ஓ. புற்றுநோய் உண்டாக்கும் வாயு, தீப்பிடிக்கும் வாயு. கருவியில் தங்கிய வாயு வெளியேறுவதற்கான ஏரேஷன் நேரத்தைக் குறைக்கச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் குறைக்காதீர்கள்.

மேஜையில் வைத்த கருவிக்குப் பெயர் சொல்லும் ஸ்பாட்டர் பகுதிக்கு நான் படித்த விதம் எனக்கு உதவியது, சொல்கிறேன். படத்தைப் பார்த்துப் படிக்கவில்லை. டிரெய்னிங் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கையுறை போட்ட விரலால் தடவிப் பெயர் சொல்லப் பழகினேன். நுனியில் ஒற்றைப் பல் தட்டுப்பட்டால் கோக்கர். நுனியில் வரிசையாகப் பொடிப் பற்கள் என்றால் ஆலிஸ். பல்லே இல்லாமல் உருண்டு, நடுவில் வெற்றிடம் இருந்தால் பாப்காக். ஆர்ட்டரி போலவே இருந்து, வாய் மட்டும் குட்டையாகத் தடித்திருந்தால் நீடில் ஹோல்டர். பெயரோடு நிறுத்தாமல், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறையையும் சொன்னால் மதிப்பெண் கூடும். பிடியில் இருக்கும் பல்பூட்டான ராட்செட்டை முதல் பல்லில் மட்டும் பூட்டி, பிடியை உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். தெறித்துத் திறந்துகொண்டால் அது ரிப்பேருக்கு. உள்ளே ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும்போது அப்படித் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுத்துத் தேர்வில் படம் போடுங்கள். அழுக்குப் பகுதி, சுத்தப் பகுதி, ஸ்டெரைல் பகுதி என்று மூன்று கட்டம், ஒரே திசையில் அம்புக்குறி. அழுக்குப் பகுதியில் காற்றழுத்தம் குறைவாகவும் சுத்தப் பகுதியில் அதிகமாகவும் இருக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் வரவில்லையே என்று பயந்து பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்யாதீர்கள், சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

படிப்பில் சேரும் முன்பு ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "எந்த ஆஸ்பத்திரியில போஸ்டிங் போடுவீங்க? எத்தனை மாசம் சி.எஸ்.எஸ்.டி.க்குள்ள நிப்போம்?" பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கருவியைத் தொடாமல் வாங்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே திணறுவீர்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் தியேட்டர் டெக்னீஷியன் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்களும் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். வெளிநாட்டு ஆசை இருந்தால், இந்த வேலைக்கான அமெரிக்காவின் சி.ஆர்.சி.எஸ்.டி. சான்றிதழுக்கு 400 மணி நேரக் கைவேலைக் கணக்கு கேட்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே எந்தத் தேதியில் எந்தப் பகுதியில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. டிரேயில் கருவிகளுக்கு அடியில் மறந்துவிட்ட பிளேடோ ஊசியோ என்றைக்காவது ஒருநாள் உங்கள் கைக்கு வரும். மொத்தம் மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அட்மிஷன் போட்ட வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டால், போஸ்டிங் தொடங்கும்போது குறைந்தது இரண்டாவது முடிந்திருக்கும். நான் இதைத் தள்ளிப்போட்டு, விரலில் பிளேடு கீறின அன்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன். கார்டை பத்திரமாக வையுங்கள், வேலையில் சேரும்போதும் கேட்பார்கள்.